ஓடுற மெஷினும் ஊர் அடிச்ச விசிலும்

நம்ம சங்கத்தோட அறிக்கையை வாசிச்சப்போ பாதிப் பேரு கொட்டாவி விட்டீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சரி, அந்தத் தாளை மடிச்சு வச்சிட்டேன். ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைக் கேளுங்க. கேட்டதுக்கப்புறமும் தூக்கம் வந்தா... தாராளமாத் தூங்குங்க.

மரம் அறுக்கிற தோழர்களே! நம்ம பக்கத்துலதான் ஒரு ஊரு. பேரு வேணாம், அந்த ஊர்க்காரங்க நாலு பேரு இங்கயே உக்காந்திருக்காங்க. அங்க வைரக்கண்ணுன்னு ஒருத்தன். உங்களை மாதிரியே செயின்சா மெஷின் ரம்பம் வச்சு மரம் அறுக்கிறவன். நல்ல வேலைக்காரன்யா. உருண்டை அரத்தை எடுத்தான்னா செயின்ல இருக்கிற ஒவ்வொரு பல்லையும் ஒரே பக்கமாத் தள்ளித் தள்ளித் தீட்டுவான். அவன் பொண்டாட்டி செண்பகம் வாசல்ல நின்னு சொல்லுவா: "புள்ளைக்குப் பல்லு விளக்கி விட ஆளைக் காணோம். இந்தச் சனியனுக்கு மட்டும் எவ்வளவு பொறுமையா விளக்கி விடுறாரு பாருங்க!"

அப்பேர்ப்பட்ட ஆளுதான். ஆனா அந்த ஊர்ல ஒரு கேடுகெட்ட வழக்கம் இருந்துச்சு. பெரிய மரம் அறுத்தா ஊரே வேடிக்கை பாக்க வந்துரும். மெஷினை நிறுத்தாம அறுத்தா விசில். நடுவுல நிறுத்திட்டானோ... போச்சு! "மெஷின் படுத்துருச்சுடோய்!"னு ஒரே ஊளை. அப்புறம் அவன் டீ குடிக்கப் போனாலும் "வாய்யா, படுத்தவரே"தான். இந்த ஊளைக் கோஷ்டிக்குத் தலைவரு உத்திராபதின்னு ஒரு மகராசன். ஆயுசுல ஒரு முருங்கைக் கொம்பை ஒடிச்சதில்ல. விசில் மட்டும் அடுத்த ஊருக்குக் கேக்கும்.

புயல் அடிச்சுது. ரோட்டுக்குக் குறுக்க ஒரு தூங்குமூஞ்சி மரம் சாஞ்சு கெடந்துச்சு. வைரக்கண்ணு மெஷினைத் தூக்கிட்டு வந்தான். ஊரும் வந்துச்சு. ஸ்டார்ட் பண்ற கயித்தை இழுத்தான், மெஷின் பிடிச்சுக்கிச்சு. சும்மா அவலு மாதிரி செதில் செதிலாக் கொட்டுது! விசில் பறக்குது!

பாதி மரம் போச்சு. உள்ள ஏதோ பழைய ஆணி. சர்ருன்னு ஒரு சத்தம்... அதோட செதிலு நின்னு போச்சு. ரவை மாதிரி பொடிப்பொடியா வருது. அப்படின்னா என்ன அர்த்தம்? சொல்லுங்க... ஆங். பல்லு மழுங்கிருச்சு. மழுங்கினா என்ன செய்வான்? போட்டு அழுத்துவான். அழுத்தினா செயின் சூடாகும், சூடானா நீளும், நீண்டா அது சுத்தி ஓடுற இரும்புப் பாருக்கு அடியில தொங்கும். தொங்கிருச்சு.

பக்கத்துல நின்ன அவன் மச்சான் அய்யாத்துரை, செண்பகத்தோட அண்ணன், பாத்துட்டான்.

"மாப்ள, செயின் தொங்குதுடா. ஆஃப் பண்ணு. ஆற விட்டு, தீட்டி, டைட் வச்சுட்டு அறுப்போம்."

"ஆஃப் பண்ணா இந்தச் சூட்டுல திரும்பப் பிடிக்காது மச்சான். கயித்தை இழுத்துக்கிட்டே நிக்கணும். அங்க பாரு, உத்திராபதி நிக்கிறான்."

கேட்டீங்களா? செயினுக்குப் பயம் இல்ல. உத்திராபதிக்குப் பயம்!

ஆஃப் பண்ணாம, ஓட விட்டபடியே மெஷினை மரத்து மேல வச்சான். விசையை அமுக்காத வரைக்கும் செயின் சுத்தாதுங்கிற தைரியம். ஸ்பேனர் பிடிக்கத் தோது இல்லன்னு கிளவுஸைக் கழட்டுனான். உத்திராபதிகிட்டேர்ந்து சத்தம் வருது...

"என்னப்பா வைரக்கண்ணு, படுத்துருச்சா?"

"எங்கண்ணே படுத்துச்சு? ஓடுது பாருங்க!"

ஓடுதாம்! சொல்லிக்கிட்டே வலது கையால செயினை மேல தள்ளுறான். மெஷின் ஆடிக்கிட்டே நழுவுச்சு. விழப் போற பொருளைப் பிடிக்காம எந்த மனுசன் நிப்பான்? இடது கையால பின்பிடியை லபக்குன்னு பிடிச்சான். முடுக்குற விசை எங்க இருக்கு? அந்தப் பிடியிலதான இருக்கு... அமுங்கிருச்சு, செயின் சுத்திருச்சு.

ரெண்டு விரலு, தோழர்களே. மரத்தூளுக்குள்ள கெடந்துச்சு.

விசில் சத்தம்? நின்னு போச்சு. கூட்டம்? அவனவன் வீட்டுக்குப் போயிட்டான். ரத்தம் சொட்டச் சொட்ட அந்தக் கையைத் துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போனது அய்யாத்துரை ஒருத்தன்தான். கட்டுப் போட்டு வந்தவனுக்குச் சோத்தைப் பிசைஞ்சு ஊட்டினவ செண்பகம். நம்ம உத்திராபதி என்ன செஞ்சாரு தெரியுமா? டீக்கடையில கால் மேல கால் போட்டு உக்காந்து சொன்னாரு...

"மடப்பய! ஓடுற மெஷின்ல எவனாச்சும் கையை வைப்பானா?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுய்யா! இப்பச் சொல்றப்பவும் வருது.

சரி, சொல்லுங்க. அந்த விரலை வெட்டுனது யாரு? செயினா? செயினுக்குத் தெரியுமா எது மரம், எது விரலுன்னு? அவனுக்கு வேலை தெரியாதா? நம்மளை விட நல்லாத் தெரியும்! தெரிஞ்சவனை நிறுத்த விடாமப் பண்ணது அந்த ஊளை. நிறுத்துறவனைக் கேலி பண்ற ஊர்ல, நிறுத்த வேண்டிய நேரத்துல எவனும் நிறுத்த மாட்டான்.

நாம மட்டும் யோக்கியமா? போன வாரம் நம்ம மதியழகன் கண்ணாடி, கிளவுஸ், தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு வேலைக்கு வந்தாரு. "வாங்க மாப்பிள்ளை, பொண்ணு பாக்கப் போறீங்களா?"ன்னு கேட்டது யாரு? கடைசி வரிசையில தலையைக் குனியாதீங்க, எனக்கு ஆளைத் தெரியும். அதைக் கேட்டுச் சிரிச்சது யாரு? மேடையில இருக்கிற பெரியவங்களும்தான். தலைவரே, தண்ணி குடிக்கிற மாதிரி முகத்தை மறைக்காதீங்க!

உத்திராபதி எங்கயோ இல்லய்யா. இந்தப் பந்தலுக்குள்ள அம்பது பேரு இருக்காங்க. நாளைக்கு உங்க கூட்டாளி மெஷினை ஆஃப் பண்ணிட்டு, செயினு ஆறட்டும்னு உக்காந்தா, வாயை மூடிக்கிட்டுக் கூடவே உக்காருங்க. அவன் தீட்டட்டும். டைட் வைக்கட்டும். கயித்தை அவன் எத்தனை தடவை இழுத்தா உங்களுக்கென்ன?

என்ன, கை தட்டுறீங்களா?... தட்டுங்க, தட்டுங்க. பத்து விரலும் இருக்கிறவங்க நல்லாத் தட்டுங்க. போன வருசம் இதே பந்தல்ல வைரக்கண்ணும் தட்டுனான்.