சுருளுக்கு வைத்த சந்தனம்

“அலோ... அலோ... தாவீது சாரா? சார், நான் கோமதிசங்கர் பேசுதேன். பைனல் இயர், டைரக்‌ஷன்... ஆமா சார், ஊர்ல இருந்துதான், சங்கரன்கோவில்... ஆமா, ஆமா, டிரங்கால். கேக்குதா சார்?”

ஊருக்கே கேட்டது. போஸ்டாபீசில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து காத்துக் கிடந்து கிடைத்த லைன், விடுவானா அவன்? மெட்ராஸ் சினிமா காலேஜ் வாத்தியாரிடம் மகன் பேசுகிற அழகைப் பார்க்கவென்றே கூட வந்த அம்மா பாலம்மாள், பூரித்துப்போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“ஷூட்டிங் முடிஞ்சுது சார்... நல்லாத்தான் வந்துது... இல்ல, லேபுக்கு அனுப்பல. அதைத்தான் சொல்ல வாரேன்... பிலிம்ல வெளிச்சம் பட்டு எல்லாம் பாழாப்போச்சு சார்... பஸ்ல மூடி தொறந்துக்கிட்டு... எல்லா டப்பாவுந்தான்... ஆமா, டேப் ஒட்டியிருந்தேன்... ஆமா, உள்ள கறுப்பு உறையும் உண்டு... ஆமா சார்... ஆமா.”

கெட்டிக்காரன் புளுகும் எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். இவன் புளுகு அந்த டிரங்காலுக்கே தாங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

“உள்ளதைச் சொல்லிருதேன் சார். முந்தாநாள் ஆயுத பூசை... சிரிக்காதீங்க சார். அப்பா தறிக்குப் பொட்டு வச்சாவ, சைக்கிளுக்கு வச்சாவ. நான் கோயிலுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள எங்கம்மா... ஆமா, பிலிமுக்கு... மூடி மேல இல்ல சார், உள்ள. மூடிக்கு வச்சா மூடிக்குத்தான பூசை, உள்ள இருக்க தொழிலுக்கு எப்படிச் சேரும்னு கேக்கா. டேப்பைப் பிரிச்சு, உறையைப் பிரிச்சு, ஒவ்வொரு சுருளுக்கும் சந்தனம், குங்குமம்... அதோட விட்டாளா? ஈரம் ஒட்டிக்கிடும்னு வெயில்ல காயப் போட்டிருக்கா.”

“...திரும்ப எடுக்க வழியில்ல சார். ஹீரோ இல்ல... அந்தக் கடையநல்லூர் மம்மதுதான். விசா வராம ஏங்குதவனா நடிச்சான்லா, அவனுக்கு நெசமாவே விசா வந்துட்டு. துபாய் போயிட்டான்... அவனுக்கு வாழ்த்துச் சொல்லவா சார் உங்களுக்குப் போன் பண்ணுனேன்?... சாரி சார்... சாரி. எரிச்சல்ல வந்துட்டு.”

“என்னம்மா?... சும்மா இரேன்... ஆமா, உன்னையும் விசாரிச்சாவ.”

“சார், புது பிலிம்... ஒரு டப்பாகூடவா கெடையாது?... மாசக் கடைசிக்குள்ள படம் வைக்கலேன்னா?... ஒரு வருசம் போயிருமா? அப்பா தறியை வித்தாத்தான் சார் இன்னொரு வருசம் படிக்க முடியும்... கேமராக்குள்ள மாட்டுனது மட்டும் தப்பிச்சுது. அதைத் தொறக்கத் தெரியல அவளுக்கு... கொஞ்சூண்டுதான் சார். அதை வச்சு என்னத்தை எடுக்க?... என் பாடா?... அம்மாவுக்குத் தெரியுமாவா?... அவகிட்ட எப்படி சார் சொல்ல? நல்லது செஞ்சதா நெனச்சுக்கிட்டு நிக்கா... சார்... அலோ... அலோ...”

லைன் போய்விட்டது. ரிசீவரை டொக்கென்று வைத்தான். அம்மா ஆவலாக ஏதோ கேட்டாள். கத்தப்போனவன் அவள் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் குங்குமம் இன்னும் போகவில்லை.

“நல்லாருக்குன்னாவம்மா... வீட்டுல சந்தனம் மிச்சம் கெடக்கா?... ஒண்ணுமில்ல. அன்னைக்கு டப்பாவுக்கெல்லாம் எப்படிப் பொட்டு வச்சியோ, அதை ஒருக்கா கேமரா முன்னால செஞ்சு காட்டு... ஆமா, வெயில்ல காயப் போட்டது வரைக்கும்.”