பெர்த்திலிருந்து வந்த அழைப்பு

உக்காருங்க தம்பி தனேஷ். பால் தீர்ந்துபோச்சு, கோப்பி ஓதான் இருக்கு. பாயான் பாருவில இருந்து வர்றதுக்குள்ள ஜெலுத்தோங் பக்கம் நல்ல ஜாம் பிடிச்சிருக்குமே. ஆஸ்பத்திரியில நாலு பேர் முன்னால வச்சுக் கேக்காம வீடு தேடி வந்து கேக்கறீங்க பாருங்க, அது நல்ல மனசு. நான் எதையும் மறைக்கப் போறதில்ல.

என் வேலை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நோயாளிங்க வீட்டாளுங்க முகம் பாத்துப் பேச வார்டுகள்ல இருக்கிற வீடியோ பெட்டி உங்க கம்பெனியோடது. ஆஸ்பத்திரி அழைப்புங்க மொத்தமும் ஓடற சர்வர் வேற ஒருத்தரோடது. ரெண்டும் மாமியார் மருமக மாதிரி. ஒன்னு சொல்றது இன்னொன்னுக்கு ஏறாது. நடுவுல நின்னு சமாதானம் பண்ணி வைக்கிறதுதான் இத்தனை வருஷமா என் பிழைப்பு. குறை சொல்ல வைக்காமத்தான் பாத்துக்கிட்டேன்.

வீட்டுலயும் அப்படித்தான். என் சம்சாரம் மோகனாவை நான் ஒரு நாளும் கை நீட்டி அடிச்சதில்ல. அவ கைப்பேசியை நான் பாத்துக்குவேன். வங்கி விஷயம் நான் பாத்துக்குவேன். காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூட நானே காடி ஓட்டிக் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வருவேன். தனியா போனா அவளுக்குப் படபடப்பு வரும். அவ அப்படிச் சொன்னதில்ல, நான்தான் கவனிச்சேன்.

ஒரு நாள் அவ சமையக்கட்டுல நின்னு பெர்த்துல இருக்கிற எங்க மக ஷர்மினிகிட்ட பேசிக்கிட்டு இருந்தா. நான் வந்ததைக் கவனிக்கல. "உனக்குக் குழந்தை பொறந்ததும் அங்கயே வந்துடறேம்மா. இனிமே உங்கப்பா கூட என்னால முடியாது"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. நான் திரும்பி ஹாலுக்கு வந்து டிவி பாத்தேன். ராத்திரி சாப்பாட்டுல ரசம் நல்லா இருக்குன்னு சொன்னேன். உள்ளுக்குள்ள என்னைச் சுக்குநூறா உடைச்சிட்டா தம்பி, அது அவளுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம்தான் அவளுக்கு நுரையீரல்ல கிருமி வந்துச்சு. தனி அறையில போட்டாங்க. வெளியாள் யாரையும் விடல. நான் மட்டும் ஆஸ்பத்திரி ஆளுங்கிறதால கவசத் துணி மாட்டிக்கிட்டு உள்ள போவேன். ஷர்மினிக்கு மாசம் நிறைஞ்சிருந்துச்சு, விமானத்துல ஏற விடமாட்டாங்க. மோகனா கைப்பேசியும் என்கிட்டதான் இருந்துச்சு, அம்மாவும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கணும்னா அந்தப் பெட்டி ஒன்னுதான் வழி.

மணி அடிக்கிற பாதை வேற, முகமும் குரலும் வர்ற பாதை வேற. தொழில்ல இருக்கிற நமக்குத் தெரியும், மத்தவங்களுக்குத் தெரியாது. மணி அடிச்சு, லைன் கிடைச்சாச்சுன்னு பச்சை விளக்கு எரிஞ்சா, லைன் நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. நான் மணியைத் தொடல. அந்த அறைப் பெட்டிக்கு முகமும் குரலும் போற வர்ற பாதையை மட்டும் சர்வர் பக்கத்துல அடைச்சேன். பெரிய வேலை ஒன்னும் இல்ல.

ஷர்மினி கூப்பிடுவா. மணி அடிக்கும், பச்சை எரியும், திரை மட்டும் இருட்டாவே இருக்கும். நர்ஸ் நோர்மா ஓடி வந்து என்னைக் கூப்பிடுவா. நானும் போயி ஒயரைக் கழட்டி மாட்டுவேன், அணைச்சுப் போடுவேன். நோர்மாகிட்ட மலாயில, "லைன் தாக் பாகுஸ் லா, பெர்த் பக்கம் நெட் சரியில்ல"ன்னுவேன். மோகனா பக்கம் திரும்பி தமிழ்ல, "லைன்லாம் நல்லாத்தான் இருக்கு. அவதான் கேமராவையும் மைக்கையும் மூடி வச்சிருக்கா. பேசப் பிடிக்கல போல"ன்னுவேன். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்திக்கு அந்த நேரத்துல நர்ஸ்கிட்ட மலாயில பேசறதைக் காதுல வாங்கக்கூடத் தெம்பில்ல. அதனால சிக்கல் வரல.

மோகனா நம்பினா. பச்சை விளக்கைப் பாத்தா யாருக்கும் நம்பத்தான் தோணும். "என்னங்க, நான் என்ன தப்பு பண்ணேன்? முகத்தை மட்டுமாவது காட்டச் சொல்லுங்களேன்"னு கேட்டா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "விடு, நான் இருக்கேன்ல"ன்னேன். அவளும் என் விரலை இறுக்கிப் பிடிச்சா. கல்யாணமான புதுசுக்கு அப்புறம் அவ அப்படிப் பிடிச்சதே இல்ல.

அப்புறம் ஷர்மினிக்குப் பையன் பொறந்தான். சேதி எனக்குத்தான் வந்துச்சு. சாயந்திரம் மணி அடிச்சப்போ, எதுக்குக் கூப்பிடறான்னு எனக்குத் தெரியும். திறந்து விட ஒரு நிமிஷம் போதும். திறக்கல. பேரன் முகத்தைப் பாத்துட்டா அவ மனசு திரும்பவும் பெர்த்துக்குப் போயிடும். அவ இருக்கப்போறதே கொஞ்ச நாள், அதை எதுக்குப் பங்கு போடணும்?

மோகனா அந்த இருட்டுத் திரையைப் பாத்தே பேசினா. "கோவமா இருந்தா இருந்துட்டுப் போம்மா. உடம்பைப் பாத்துக்க. பச்சை உடம்போட தண்ணியில கை வைக்காத"ன்னா. குழந்தை பொறந்ததை அவளுக்கு யாரும் சொல்லல, தானாவே நாள் கணக்குப் பாத்துப் பேசினா. மறுநாள் விடியக்காலையில போயிட்டா. என் கையைப் பிடிச்சபடிதான் போனா. அதுக்கப்புறம் அந்தப் பாதையைத் திறந்து விடக்கூட எனக்குத் தோணல.

இப்ப நீங்க சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றீங்க, அறைக்கு உள்ள வர்ற பக்கம் மட்டும்தான் அடைஞ்சிருக்கு, அறையில இருந்து வெளிய போற பக்கம் திறந்தேதான் கிடக்குன்னு. இருக்கலாம். ரெண்டையும் அடைச்சதாத்தான் நினைச்சேன். வெளியில இருந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்திருக்கணும். புதுசா வர்ற பையன்கள் பண்ற தப்பு இது.

அப்படின்னா ஷர்மினி முழுசும் பாத்திருக்கா. அம்மா அழுததைப் பாத்திருக்கா. அவ கேமராவை மூடி வச்சிருக்கான்னு நான் சொன்னதைக் கேட்டிருக்கா. இல்லம்மா, இங்கதாம்மா இருக்கேன்னு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சுன்னு புகார் பண்ணப்போ உங்ககிட்ட சொன்னாளாமே. பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாளாமே. காரியத்தன்னிக்குக்கூட போன்ல என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பிரசவ அசதின்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆமா தம்பி, நான்தான் அடைச்சேன். யார் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். ஆனா நீங்க சொன்னதைக் கேட்டதும் ஒரு விதத்துல எனக்கு ஆறுதலாத்தான் இருக்கு. அவ அம்மாவைக் கடைசி வரைக்கும் நான் எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டேன்னு இனிமே யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல.