கருவாட்டு வாளி சுமந்த கைகளுக்கு

கண்டிப்பிலும் கனிவிலும் குறைவைக்காத, தோட்ட அலுவலகக் கணக்கெழுதும் பெரிய கிராணியாரே! சைவத் தட்டன்றி வேறு தட்டு அறியாத யாழ்ப்பாணத்துத் தகையாளரே! தெராத்தாய் தோட்டத்துச் செம்மறிகளின் காவலரே! வைரவநாதன் ஐயா அவர்களே! வணக்கம்.

ஓய்வுபெறும் தங்களின் இருபத்தேழு ஆண்டுப் பணியை வரிசையாய் வாழ்த்த ஆசைதான். ஆனால் ஆட்டுப்பட்டி காளியம்மா, "மத்ததெல்லாம் அப்புறம் எழுதுங்க, அந்த வாளிய மொதல்ல எழுதுங்க" என்று உத்தரவிட்டுவிட்டார். அவர் சொல்லைத் தட்ட எங்களில் யாருக்கும் துணிவில்லை.

காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு அரசு போரிட்ட அவசரகாலத்தின் நடுவில், சினைச் செம்மறிகள் குடற்புழுவால் சரிந்தன. கீழிமை வெளுத்து, தாடை வீங்கி, ஈன்ற குட்டிக்குப் பாலின்றிப் படுத்தன. மருந்து கொடுத்தால் புழு போயிற்று. மாதம் திரும்புமுன் மீண்டும் வந்தது. குட்டியைச் சுமக்கும் உடம்புக்குப் புழுவை எதிர்க்கச் சத்து மிஞ்சவில்லை, புரதம் வேண்டும் என்று கண்டு சொன்னவர் தாங்களே. மீனவர் ஊரான பாசிர் பெனம்பாங்கிலிருந்து கருவாட்டுத் தூளை வரவழைத்தீர்கள். கிடைத்தது பாதி ஆடுகளுக்கே எட்டியது. தவிட்டில் கலந்து தின்ற அந்த ஆடுகளுக்கு ஐந்தாறு வாரத்தில் இமை சிவந்தது. காளியம்மா ஒவ்வொன்றாய் இமை விலக்கிப் பார்த்து அழுதார்.

பட்டியோ தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே. காட்டிலிருப்போர் கைக்குப் போகாதிருக்க, மனிதர் உண்ணும் எதுவும் வாசல் தாண்டக் கூடாதென்பது சட்டம். தூளைத் தவிட்டில் கலந்தே கொண்டுபோக வேண்டும். ஒரு மழைக்காலைப் பொழுதில், தவிடு நனைந்தால் புளித்துவிடும், பட்டியில் உலர்ந்த தவிடு இருக்கிறதே, அங்கேயே கலந்துகொள்ளலாம் என்றெண்ணி, தூளை மட்டும் எடுத்துச் சென்றார் காளியம்மா. வாசலில் காவல் அதிகாரியிடம் பிடிபட்டார். தடுப்புக்காவல் என்றால் எத்தனை ஆண்டோ? லயத்தில் தகப்பனில்லாத மூன்று பிள்ளைகள்.

தாங்கள் ஓடி வந்தீர்கள். சரியாகச் சொல்லிக் கொடுக்காத பிழை தங்களுடையதே என்றீர்கள், அதிகாரி நம்பவில்லை. மீன் வாடைக்கே வழி மாறி நடக்கும் தாங்கள், தவிடு கொண்டுவரச் சொல்லி, கையை முழங்கை வரை வாளிக்குள் விட்டுப் பிசைந்தீர்கள். அதிகாரியைப் பட்டிக்கே அழைத்துப்போய், தின்ற ஆட்டின் இமையையும் தின்னாத ஆட்டின் இமையையும் விலக்கிக் காட்டினீர்கள். இனித் தாங்களே கலந்து தாங்களே சுமப்பதானால் அவளை விடுகிறேன் என்றார் அதிகாரி.

"நீங்கள் பிள்ளையளிட்டைப் போங்கோ, காளியம்மா. ஆடுகளை நான் பாக்கிறன்" என்றீர்கள்.

கட்டுப்பாடு தளரும்வரை மூன்றாண்டுகள், வெள்ளைக் காற்சட்டையும் நாறும் வாளியுமாய் வாசல் கடந்தீர்கள். குளிக்காமல் தங்கள் துணைவியார் பராசக்தி அம்மையார் வீட்டுப் படியேற விட்டதில்லை என்பதைத் தோட்டமே அறியும்.

நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் தாங்கள் இருவரும் இனிது வாழ்க! சட்டமிட்ட இம்மடலை வழங்கப்போவது தோட்ட மேலாளரான துரை அல்லர்; காளியம்மாவும் அவர் பிள்ளைகளும். ஒருவர் கொடுத்தால் போதாதா என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "நாலு பேருமாத்தான் குடுப்போம். ஐயா அன்னைக்கு வரலன்னா, நாங்க நாலு பேரா இருந்திருக்க மாட்டோம்."

அன்பு மாறாத,
தோட்ட அலுவலகத்தாரும் ஆட்டுப்பட்டித் தொழிலாளரும்,
தெராத்தாய் தோட்டம், கோலசிலாங்கூர், 1958.