சீமை ஓட்டு மாப்பிள்ளை

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீசை முளைத்த பிறகும், எங்கள் வீட்டுச் சீமை ஓடு லண்டனிலிருந்து கப்பலில் வந்தது என்று நம்பி, மல்லாந்து படுத்துக் கடல் வாசம் தேடியவன் நான்.

அது தெளிந்தது எழுபதுகளின் ஓர் ஆனி மாதம், போடிமெட்டு ஏறிய ஜீப்பில். மேகம் உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தது. எதிரே, மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற சிலமலைத் தம்பதி.

“சீமை ஓட்டு வீடாம்ல! போனதும் பேசி முடிச்சிருவோம்” என்றார் கணவர், கண் செருக.

“சீமைன்னா என்னவாம்?” என்றார் மனைவி.

“வெள்ளைக்காரன் ஊரு.”

“எங்கண்ணன் லாரியில ஏத்திட்டு வர்றது மங்களூர்ல இருந்துங்க. வெள்ளைக்காரன் ஓடு சுடக் கத்துக்குடுத்ததால அந்தப் பேரு. பேரா மழையைத் தடுக்கும்? ஒழுகுனா நம்ம பிள்ளைதான் மூலைக்கு மூலை சட்டி வைக்கணும்.”

கணவர் மேகத்தைப் பார்த்தார். என் கப்பல் அதற்குள்தான் மூழ்கிக்கொண்டிருந்தது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “இந்த மழையிலயா வீடு பார்க்கப் போறீக, அக்கா? வெயில் நாளா வரக்கூடாதா?”

“வெயில்ல எந்தக் கூரைப்பா ஒழுகும்?”