ரெண்டு கிலோ யூரியா

தேத்தண்ணிக்குச் சீனி போடாதேங்கோ, பிள்ளை. தேவையில்லாத சாமான் எனக்கு ஒத்துவராது. என்ர தொழில் தெரிஞ்சால் இதுக்குச் சிரிப்பியள்.

நான் இரத்தினசிங்கம். நகை செய்யிற பத்தர்மாரின்ர பட்டறையில கூட்டின குப்பையிலயிருந்து தங்கம் எடுக்கிறனான். அசிட்டில கரைச்சு, வடிச்சு, அன்னபேதி உப்புப் போட்டால் தங்கம் மண்டியா அடியில இறங்கும். அவ்வளவுதான் வித்தை. அவ்வளவுதான் எண்டு தெரிஞ்சால் எந்தப் பத்தர் என்னட்டை வருவார்? அதால தேசிக்காய் பிழிவன், மஞ்சள் தூவுவன், திருநீறும் ஒரு சிட்டிகை போடுவன். ஒண்டும் ஒண்டுக்கும் உதவாது. ஒருக்கா மஞ்சள் முடிஞ்சுபோச்சு எண்டதுக்கு ஒரு பத்தர் குப்பையைத் திருப்பிக் கொண்டுபோனவர், பாவம்.

கடைசி வேலையை மட்டும் குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத் தனியச் செய்வன். ஆறு வருஷம் என்னோட வேலைசெய்த ஞானசேகரமே அதைக் கண்டதில்லை. வெளியில வாங்கில குந்தியிருக்கிற இராசமலரின்ர புருஷன்தான். உங்கட விசாரணைப் பேப்பரில காணாமற்போனவர், இயக்கத்துக்குச் சாமான் கடத்தினவர் எண்டு கிடக்கு. அது பிழை. அதைத் திருத்தத்தான் வந்தனான்.

போன வருஷம் ஒருநாள், "அண்ணை, மூதூரில சொந்தமாத் தொடங்கப்போறன். கடைசி மருந்தைச் சொல்லித்தாங்கோவன்" எண்டான். மூதூர், தோப்பூர்ப் பத்தர்மார் எல்லாரும் என்ர வாடிக்கை. அவையள் அவனிட்டைப் போயிடுவினம் எண்டு எரிச்சல். முகத்தில காட்டேல்லை.

"யூரியா" எண்டனான். "அது இல்லாட்டித் தங்கம் இறங்காது."

"ஐயோ அண்ணை, அதைக் கொண்டுபோக ஏலாதே."

ஓம், ஏலாது. யூரியாவோட பிடிபட்டால் குண்டு செய்யத்தான் எண்டு ஆமிக்காரர் ஆளைக் கொண்டுபோவாங்கள். சின்னப்பிள்ளைக்கும் தெரியும். என்ர வயலுக்குப் பேர்மிற்றில எடுத்த ரெண்டு கிலோவை, கோதம்ப மாப் பைக்குள்ள வைச்சு நானே தைச்சுக் குடுத்தனான். கையெடுத்துக் கும்பிட்டான். தேசிக்காயை ஆறு வருஷம் நம்பினவன், யூரியாவை நம்பமாட்டானே?

மூதூர் போற லோஞ்ச் படகில ஏற முதல் பிடிச்சுப்போட்டாங்கள். இராசமலர் ஒவ்வொரு வெள்ளியும் வந்து, "அந்தப் பைக்குள்ள என்னண்ணை இருந்தது?" எண்டு கேப்பாள். மா எண்டு சொல்லுவன். போகேக்க அரிசி, பருப்பு குடுத்துவிடுவன். என்னைத் தெய்வமெண்டு சொல்லுறவள், வெள்ளந்தி.

அவன் சாகவேணுமெண்டு நான் நினைக்கேல்லை, பிள்ளை. ரெண்டு மாதம் உள்ளுக்க இருந்தால் புத்தி வந்து, என்னட்டையே திரும்பி வருவானெண்டுதான் நினைச்சனான். அதுக்காகத்தான் அண்டைக்குக் காலமை, அவன் வாறதுக்கு முதல் இறங்குதுறை ஆமிச் சென்றிக்குப் போய், அவன் பயணத்துக்குப் போடுற நீலச் சேட்டைச் சொல்லி, மாப் பையை அவிழ்த்துப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

எல்லாத்தையும் எழுதுங்கோ. இதையும் சேர்த்து எழுதுங்கோ: அவன்ர இடத்துக்கு நான் இன்னும் வேற ஆள் எடுக்கேல்லை. வந்தானெண்டால் வேலை இருக்கு.