எட்வர்ட் கேட்ட அனுமதி

மாலை ஐந்தரை மணி. பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற மலைப்பாதை... பஸ் இல்லை, ஆள் இல்லை, மழை மட்டும். பாதைக்கு மேலே ஒரு குன்று, உச்சியில் தகரக் கொட்டகை. அதற்குள் வயர்லஸ் பெட்டிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார் ஸஹாப்தீன். நம்ம மஹ்ரூப் இருக்கிறானே, அவனுடைய மாமா. எழுபத்திரண்டாம் வருடத்து மார்கழி. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

மாமா பட்டாளத்தில் எஞ்சினியர். ஒரு ஒத்திகையில் ஆளாளுக்கு உத்தரவு போட்டு எல்லாம் குழம்பிப்போக, செய்தித் தொடர்பு முழுவதையும் புதிதாக வரைந்து கொடுத்தவர் அவர்தான். பதுளைத் தலைமையகம் முடிவெடுக்கும். நடுக்குன்று அதைக் கடத்தும், சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது. கடைசிக் காவல்கூடம் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்யும். மனுஷனுக்கு அதில் தலைகொள்ளாத பெருமை. திட்டம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, அன்று நடுக்குன்றில் அவரே உட்கார்ந்தார்.

கடைசிக் காவல்கூடம் நாலு மைல் தள்ளி, எதிர்மலையில். அங்கே எட்வர்ட் என்ற தேயிலைத் தோட்டத்துச் சிப்பாயும் இன்னும் இரண்டு பேரும்.

"சேர், பின்னால மண்ணு எறங்குதுங்க. கெளம்பவா?"

மாமா கடத்தினார். பொறுக்கச் சொன்னது பதுளை.

பத்து நிமிடம் போனது.

"மரமெல்லாம் சாயுதுங்க சேர்... நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்த வார்த்தை மாமாவின் நாக்கு நுனியில் இருந்தது. 'போ.' அவ்வளவுதான். சொல்லவில்லை, பாவி மனுஷன். மறுபடி பதுளையைக் கேட்டார். பெரிய அதிகாரி ஏதோ கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள்.

அப்புறம் பெட்டியில் ஒரு சத்தம்... சாக்கைக் கிழிப்பது போல, நீளமாக. பிறகு வெறும் இரைச்சல். மேகம் விலகியபோது எதிர்மலையைப் பார்த்தார். காவல்கூடம் இருந்த இடத்தில் செம்மண். பதுளையைக் கூப்பிட்டார், பதில் இல்லை. வாய்விட்டு அழுதாராம்.

ஏழு மணிக்குப் பதுளை பேசியது. "கிளம்பலாம்."

கேட்க அங்கே யாருமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பழகிய கை... பொத்தானை அழுத்தியது. "கிளம்பலாம், எட்வர்ட்."

இரைச்சல் நின்றது.

"கெளம்பலாம். சரிங்க சேர். மூணு பேரும் கெளம்பிட்டோம். ஒங்ககிட்டதான் வர்றோம்."

நாலு மைல். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் வாசனை வந்தது, ஈரமண்ணும் பிடுங்கிய தேயிலை வேரும் கலந்த பச்சை வாசனை. அப்புறம் கல்படியில் பூட்ஸ் சத்தம். சப்... சப்... சப்... ஒவ்வொரு அடிக்கும் சேறு உறிஞ்சியது. மாமாவின் முதுகை ஒட்டியிருந்த கதவுக்கு வெளியே நின்றது.

"வந்துட்டோம் சேர். உள்ள வர அனுமதி வேணுங்க."

 மாமா அதைப் பதுளைக்குக் கடத்தவில்லை. பொத்தானைத் தொடவே இல்லை. எட்வர்ட் உயிரோடு கேட்டபோது ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்ட பதுளை, இப்போது உடனே பேசியது. பக்கத்தில் நின்று சொல்வது போல அவ்வளவு தெளிவு.

"அனுமதி உண்டு."

உள்பக்கம் போட்டிருந்த தாழ்ப்பாள் கிரீச்... என்று நகர ஆரம்பித்தது. மாமா திரும்பிப் பார்த்தார். அதை நகர்த்திக்கொண்டிருந்தது... அவருடைய கை.