தேறாத சிலிண்டர்கள் போகும் இடம்

எதையும் சோதித்துப் பார்த்து வாங்கித்தான் எனக்குப் பழக்கம், ஐயா. ஒரு பேனா வாங்கினால்கூடக் கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை கிறுக்கிப் பார்ப்பேன். ஆகவே எங்கள் பட்டறைக்கு மென்பொருள் போடும் பொறுப்பை அத்தான் என் தலையில் கட்டியதில் ஆச்சரியமில்லை. அத்தான்தான் முதலாளி, அக்காவின் கணவர். நான் மேலாளர். தீயணைப்பு சிலிண்டர்களைப் பழுது பார்த்து, நிரப்பி, சாயம் பூசி அனுப்புவது எங்கள் தொழில்.

மென்பொருளை வாங்குவது சுலபம். அதை நம் வேலைக்கு ஏற்றபடி பொருத்தித் தர ஆள் பிடிப்பதுதான் தலைவலி. அந்த ஆளைச் 'செயலாக்கக் கூட்டாளி' என்று மரியாதையாக அழைக்க வேண்டுமாம்.

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். அவர் பேசும்போது தலையாட்டுவதற்கென்றே கூட இருவர் வந்திருந்தார்கள். சுவரில் படம் காட்டி, வாய்க்கு வாய் 'நமது பயணம்' என்றார். எந்த ஊருக்கு என்று எங்கள் கணக்கெழுதும் அம்மா என் காதைக் கடித்தார். காலணியில் எண்ணெய் பட்டுவிடும் என்று மனிதர் பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

அடுத்து வந்த பெண் தனியாக வந்தார். படம் கிடம் எதுவும் இல்லை. வேலை நடக்கும் இடத்தை முதலில் பார்க்கலாமா என்று கேட்டார். நிரப்பும் மேசை, சாயம் அடிக்கும் மூலை எல்லாம் சுற்றிவிட்டுச் சோதனைத் தொட்டி அருகே நின்றுவிட்டார். பழைய சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் இடம் அது. கசிந்தாலோ புடைத்தாலோ அது தேறவில்லை. யாரும் மறுபடி எடுக்காதபடி ஓட்டை போட்டுப் பழைய இரும்பில் தள்ள வேண்டும்.

"தேறாததெல்லாம் எங்க போகுது, சார்?"

"அப்படி ஒண்ணும் அதிகமா வர்றதில்லைங்க."

"ஒண்ணு ரெண்டு வந்தாலும் சாஃப்ட்வேர்ல அதுக்கு ஒரு வழி போடணுமே. வெளிய இரும்புக் குவியல்ல ஓட்டை போட்டது ஒண்ணையும் காணோமே."

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்பவர்களை நான் நம்புவதில்லை.

தேறாதவை சாயம் அடிக்கும் மூலைக்குப் போயின, ஐயா. அத்தானுக்கு இது தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். எங்கள் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வாயுக் குப்பி இருக்கிறது. மேலே உள்ள குமிழைத் தட்டினால்தான் அது உடைந்து அழுத்தம் ஏறும். தட்டும்வரை எல்லாமே நல்ல சிலிண்டர்தான். மக்கள் என்ன, தட்டுவதற்கா வாங்குகிறார்கள்? தீயணைப்புத் துறை ஆய்வாளர் கண்ணில் படும்படி சுவரில் மாட்டுவதற்கு வாங்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சிவப்பு நிறம். அதில் நான் குறை வைத்ததே இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு விஷயம் தெரியுது, மச்சான். அவங்களுக்கே குடுத்துடலாம்" என்றார் அத்தான்.

"விஷயம் தெரிஞ்சவங்க பழைய இரும்பை எதுக்கு அத்தான் கிளறுறாங்க? எதிர்க் கம்பெனி அனுப்பின ஆளா இருந்தா?"

நான் சொன்னது அவ்வளவுதான். சந்தேகத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, தானே வளரும். மறுநாளே அத்தான், அந்தப் பெண்ணின் காரை எதிர்க் கம்பெனி வாசலில் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் கார் கிடையாது.

வேலை டைக்காரருக்குப் போயிற்று. சோதனை முடிவை நிரப்பாவிட்டால் பில் வராது என்றது மென்பொருள். இதனால் வேலை தாமதமாகிறது என்று டைக்காரரிடம் சொன்னேன். 'தேறியது' என்று அதுவே நிரப்பிக்கொள்ளும்படி செய்துவிட்டு, இதுவல்லவா தீர்வு என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார்.

அந்தப் பெண் ஒருமுறை தொலைபேசியில் பேசினார். கோபமில்லை. "யாரு செஞ்சாலும் பரவால்ல, சார். தேறாததுக்கு ஒரு வழி மட்டும் போடச் சொல்லுங்க" என்றார். வேலை கிடைக்காத பிறகும் ஒருவர் இதை மறக்கவில்லை என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? இன்னும் யார் யாரிடம் கேட்பாரோ என்றுதான் நான் நினைத்தேன்.

அலைந்ததற்கு அன்பளிப்பாக அவருடைய அலுவலகத்துக்கு ஒரு சிலிண்டர் அனுப்பி வைத்தேன். கைக்கு வந்ததை எடுத்து அனுப்பியதாக உங்கள் உதவியாளரிடம் சொல்லியிருந்தேன். அது சரியல்ல, திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியில் அடிப்பக்கப் பற்றவைப்பு புடைத்த ஒன்றை நானே தேர்ந்தெடுத்தேன். சாயம் காயும்வரை பக்கத்திலேயே நின்றேன். 'நன்றி' என்று அட்டையில் எழுதியதும் என் கைதான்.

தீயை நான் வைக்கவில்லை. அவர் அலுவலகத்தில் தண்ணீர் சுட வைக்கும் கெண்டியின் ஒயர் எரிந்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு சாக்கைப் போட்டாலே அணைந்துவிடும். ஆனால் அந்தப் பெண் எதையும் முறையாகச் செய்பவர். கூட இருந்த இருவரை முதலில் வெளியே அனுப்பியிருக்கிறார். சிலிண்டரைத் தரையில் நிறுத்தி, குனிந்து, குமிழைத் தட்டியிருக்கிறார். அடிப்பாகம் பிய்த்துக்கொள்ள, சிலிண்டர் மேலே கிளம்பியிருக்கிறது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், அது உங்கள் தொழில். ஆனால் தேறாதவை எங்கே போகின்றன என்று அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார், ஐயா. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை.